அப்பாவின் ஃபிலிம் கேமராக்கள்: ஒரு மறுமொழி

வணக்கம் ஐயா. கோபிச்செட்டிபாளையத்தில் தங்கள் தந்தையார் நடத்திய ஸ்டூடியோவின் நான்கு 35 மி.மீ. கேமராக்களை இணையத்தில் விற்பனைக்கு இட்டும், கல்லூரிப் பிள்ளைகள் விலை கேட்டதோடு நழுவிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். விலை காரணமன்று என்றே நினைக்கிறேன்; வாங்கினால் ஓடுமா என்பதுதான் அவர்களின் ஐயம். 'நல்ல நிலையில் உள்ளது' என்னும் ஒற்றை வரி அதைத் தீர்க்காது. பின்மூடியைத் திறந்து, ஒளி புகாமல் தடுக்கும் ஓரத்துக் கறுப்பு நுரைப்பட்டை விரலில் பிசினாக ஒட்டுகிறதா, பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, டார்ச் அடித்தால் லென்ஸுக்குள் நூல்நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பார்த்து, குறை இருப்பின் அதையும் படமெடுத்துப் போடுங்கள். நுரைப்பட்டையைச் சொல்லாமல் நான் விற்ற முதல் கேமரா, ஒளி கசிந்த படங்களோடு கோவையில் இருக்கும் என்னிடமே திரும்பி வந்தது. இயன்றால் 36 படச் சுருள் ஒன்றைக் கொடிவேரி அணையில் எடுத்து முடித்து, அந்தப் படங்களையே விளம்பரத்தின் முகப்பில் வையுங்கள்.