பால் பைதானும் பால் கிண்ணமும்

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் சென்ற வாரம் ஒருவரிடமிருந்து ஒன்றரை அடி நீளமுள்ள பாம்புக் குட்டி ஒன்றை ரசீது இல்லாமல் வாங்கி வந்தான். 'பால் பைதான்' என்று சொல்லித்தான் விற்றார்களாம். பழுப்பு உடலில் கருந்திட்டுகள் இருக்கின்றன. நான்கு நாள்களாகச் சுருண்டே கிடக்கிறது; கிண்ணத்தில் வைத்த பாலையும் தொடவில்லை. இது என்ன பாம்பு? எப்படி வளர்ப்பது?
- வாசகி, கோவை

பதில்: முதலில் அந்தப் பால் கிண்ணத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் வையுங்கள், அம்மா. எந்தப் பாம்புக்கும் பால் உணவன்று. இப்பெயரில் உள்ள 'பால்' பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். அஞ்சும்போது தலையை நடுவில் ஒளித்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால், ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த நஞ்சற்ற பாம்புக்கு அப்பெயர் வந்தது.

ஆனால் உங்கள் வருணனை பால் பைதானுக்கு மட்டுமல்லாமல், நம்மூர் மலைப்பாம்புக் குட்டிக்கும், கண்ணாடி விரியனுக்கும்கூடப் பொருந்துகிறது என்பதால், உறுதியாகும் வரை யாரும் அதைத் தொட வேண்டாம்; பெட்டிக்கு வெளியிலிருந்தே பாருங்கள். பால் பைதானுக்குக் கரும்பழுப்பு உடலில் வெளிர்ப்பொன்னிறத் திட்டுகள் இருக்கும். மேலுதட்டில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் தெரியும். மலைப்பாம்பில் இது தலைகீழ்: வெளிர் உடலில் கருங்கரையிட்ட பழுப்புத் திட்டுகளும், தலைமேல் ஈட்டிமுனை போன்ற குறியும் காணப்படும். முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசை நீள்வட்டப் புள்ளிகளும் சொரசொரப்பான செதில்களும் பெரிய மூக்குத் துளைகளும் இருந்து, குக்கர் ஆவி விடுவதுபோல் சீறினால் அது கண்ணாடி விரியன். உடனே வனத்துறையை அழையுங்கள். கண்மணி செங்குத்தாக இருந்தால் நச்சுப்பாம்பு என்று பலர் நம்புகிறார்கள். மலைப்பாம்புக்கும் அப்படித்தான் இருக்கும். நல்ல பாம்புக்கோ வட்டமாக இருக்கும்.

அது நம்மூர் மலைப்பாம்பாக இருந்தால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நீங்களே காட்டில் கொண்டுபோய் விடாமல் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பால் பைதானாக இருந்தாலும், அதே சட்டத்தின் 2022 திருத்தத்தையும் 2024 விதிகளையும் ஒட்டி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் ரசீது வாங்காமல் விட்டதைச் சிறு தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. வனத்துறை அலுவலகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி வழி கேளுங்கள்.

பால் பைதான்தான் என்று உறுதியானால், நான்கு நாள் உண்ணாததற்குக் கலங்க வேண்டாம். புது இடத்துக்கு வந்த பாம்பை ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டுவிடுவதே நல்ல பராமரிப்பு. இறுக மூடும் பெட்டியின் ஒரு புறம் 31 முதல் 33 பாகை செல்சியஸும், மறுபுறம் 25 முதல் 27 பாகையும் இருக்கட்டும். இருபுறமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள். கோவையின் மார்கழி இரவுகளுக்குத் தெர்மோஸ்டாட் (வெப்பத்தை அளவோடு நிறுத்தும் கருவி) பொருத்திய வெப்பத்தட்டு தேவைப்படும். சூடேறும் கல் என்று விற்பதை வாங்காதீர்கள், அது வயிற்றைச் சுட்டுவிடும். பிறகு, பாம்பின் உடல் பருமனுக்கு மிகாத எலியை, உறைநிலையிலிருந்து முழுமையாக இளக்கி, வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியால் நீட்டுங்கள். உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். குட்டிக்கு வாரம் ஒரு முறை போதும்; உண்டபின் இரண்டு நாள் தூக்கக் கூடாது. வளர்ந்த பால் பைதான்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பதுண்டு, எடை குறையாத வரை அது நோயன்று. ஆகவே சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென ஒதுக்கி, வாரந்தோறும் எடையைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: நான் புதிதாக வாங்கிய கார்ன் ஸ்நேக் என்ற வளர்ப்புப் பாம்பின் கண்கள் நீலம் பூத்துவிட்டன. பார்வை போய்விட்டதா?
- வாசகர், டொராண்டோ

பதில்: சட்டை உரிக்கப் போகிறது. சில நாள்களில் கண் தெளிந்து, அதன்பின் தோல் கழலும். அதுவரை உணவு தராமல், ஈரப்பாசி வைத்த மறைவிடம் ஒன்றை மட்டும் கொடுங்கள். கழன்ற தோலில் இரு கண்களின் மூடிகளும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் நகத்தால் பெயர்க்காமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.