மூடுபயிரும் மாட்டுத் தீவனமும்: கேள்வி-பதில்

மண்ணை மூடிக் காக்க ஓட்ஸை மூடுபயிராகப் போட்டிருக்கிறேன். தீவனத்துக்கு எப்போது அறுப்பது?

தொண்டைக்கதிர் பருவத்தில், அதாவது கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் இருக்கும்போது. கதிர் முற்றவிட்டால் எடை கூடும், செரிமானம் குறையும்.

மூடுபயிராகச் சோளம் நிற்கிறது. மாட்டுக்குப் போடலாமா?

உயரத்தையும் எழுதவில்லை, பயிர் வாடியிருக்கிறதா என்றும் எழுதவில்லை. நான் ஜோசியமா பார்க்கிறேன்? இடுப்பளவு வராத சோளம், வறட்சியில் வாடியது, அறுத்த தாளில் துளிர்த்த மறுதாம்பு ஆகிய மூன்றிலும் சயனைடு நஞ்சு இருக்கும். நன்றாக உலர்த்தினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆனால் சோளத்தில் சேரும் இன்னொரு நஞ்சான நைட்ரேட் உலர்த்தினாலும் போகாது. அது அடித்தண்டில்தான் சேரும் என்பதால் ஒரு சாண் விட்டு அறுங்கள். சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) போட்டால் நைட்ரேட் ஏறக்குறைய பாதி குறையும். சந்தேகமிருந்தால் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

சணப்பை கொடுக்கலாமா?

பூக்கும் முன், மற்ற தீவனத்தோடு கலந்து. காய் பிடித்தபின் வேண்டாம். விதையில் நஞ்சு உண்டு.

மூன்று வருடமாக மூடுபயிர் போட்டு, தீவனத்துக்கு அறுக்கிறேன். மண் மாறவேயில்லை. ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதமில்லை. எப்படி அறுக்கிறீர்கள்? தரையோடு வழித்துத்தானே? மூடுபயிர் என்றால் மண்ணை மூட வேண்டும் ஐயா! வெயில் நேராக மண்ணில் விழுகிறது, முதல் மழையில் மேல்மண் ஓடுகிறது, பழி பயிர்மேல். சாணளவு தாள் நிற்கட்டும். கடைசி அறுப்பை மாட்டுக்குக் கொடுக்காமல் மண்ணுக்கே விடுங்கள்.

இன்னொன்று: மாடு தின்ற தழைச்சத்தில் (நைட்ரஜன்) முக்கால் பங்கு சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வருகிறது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதைவிட அதிகம். அந்தச் சாணம் எந்த வயலுக்குப் போகிறது? வீட்டோரத் துண்டுக்கே வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டு, தீவனம் தந்த வயலைப் பட்டினி போட்டால் மண் எப்படி மாறும்? மேயவிடுபவர்களுக்கும் சொல்கிறேன்: ஒருபிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், மாட்டை இறக்காதீர்கள். குளம்பு மிதித்து இறுகிய மண் லேசில் இளகாது.

பெர்சீம் (ஒரு பயறுவகைத் தீவனப்பயிர்) மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது.

பசியோடு, பனி ஈரத்தில் இறக்கியிருப்பீர்கள். முதலில் காய்ந்த தீவனம், பிறகுதான் பச்சை. எத்தனை முறை எழுதுவது! உப்பிய இடது விலாவைத் தட்டும்போது மத்தளம்போல் ஒலித்தால், கடிதம் எழுதாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

முன்பயிருக்குக் களைக்கொல்லி அடித்திருந்தேன். பரவாயில்லையா?

மருந்தின் பெயர் எங்கே? லேபிளைப் படியுங்கள். தீவனத்துக்குத் தடைக்காலம் போட்டிருந்தால், அது முடியும்வரை அறுக்காதீர்கள்.