வெயிட்டிங் சகஜமா? – ஒரு லாரி ஓட்டுநரின் கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தொலைதூர லாரி ஓட்டத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. கிலோமீட்டர் கணக்கில்தான் சம்பளம். 24 நாள் ரோட்டில், 4 நாள் வீட்டில் என்று ஓடுகிறது. மகளுக்கு மூன்று வயது. போன முறை வீட்டுக்குப் போனபோது என்னிடம் வர அரை நாள் யோசித்தாள். பக்கத்து ஓட்டத்துக்கு மாறினால் தினமும் வீட்டுக்கு வரலாம், ஆனால் வருமானம் குறையும். ஒரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிச் சம்பாதித்துவிடு, அப்புறம் வீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சீனியர் டிரைவர்கள். கடன் வாங்கிச் சொந்த வண்டி போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எத்தனை நாள் வெளியே, எத்தனை நாள் வீட்டில் என்றிருந்தால் சரியாக இருக்கும்? போன மாதம் ஒரு குடோனில் 9 மணி நேரமும் இன்னொன்றில் 14 மணி நேரமும் லோடு இறக்கக் காத்துக் கிடந்தேன். இந்தத் தொழிலில் அதெல்லாம் சகஜம் என்கிறார்கள். உங்கள் அப்பா லாரி ஓட்டியவர் என்று நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் உங்களிடம் கேட்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று அப்பாவின் டிரிப் நோட்டைத்தான் மேஜையில் விரித்து வைத்திருந்தேன். அம்மாவின் பெட்டியை ஒழித்தபோது அடியில் கிடைத்தது. லோடு ஏற்றிய தேதி, இறக்கிய தேதி, கிலோமீட்டர், டீசல், பேட்டா என்று அப்பாவே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறார். இரண்டு வாரமாக அதைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். சொந்த வண்டி வேண்டாம். ஏழு மாதத்தில் தொழில் பிடிபட்டிருக்காது. மாதத் தவணை கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது யாரும் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவதில்லை. ஐந்தாறு வருஷம் போகட்டும், அப்போது பேசலாம். மகள் அரை நாள் யோசித்தாள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். யோசித்துவிட்டு வந்தாள் இல்லையா, அதை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு 24 நாள் என்பது மிகப் பெரிய காலம்.

அப்புறம் அந்த "கண்ணை மூடிக்கொண்டு ஒரு வருஷம்". ஸ்டீயரிங் பிடிக்கிறவர் எழுதுகிற சொல்லா இது? எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உங்களுக்கு அப்படிச் சொன்ன சீனியர்கள் எத்தனை வருஷமாக அந்த ஒரு வருஷத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? என் அப்பாவும் ஒரு வருஷம் என்று சொல்லித்தான் போனார். நோட்டில் பதினோரு வருஷத்துக் கணக்கு இருக்கிறது.

இனி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். 9 மணி நேரம், 14 மணி நேரம், சகஜம். இந்த "சகஜம்" என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை.

எனக்குப் பதினோரு வயதில், பள்ளிக்கூட லீவில், அப்பா என்னை ஒரு டிரிப் கூட்டிப்போனார். ஓடும்வரை எல்லாம் ஆனந்தமாக இருந்தது. ஒரு ஆலையின் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். முன்னால் லாரி வரிசை வளைவைத் தாண்டிப் போயிருந்தது. டோக்கன் நம்பரை அப்பா பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இடது கதவைத் திறந்து வைத்து, ஒரு காலைப் படியில் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தார். வரிசை நகர்ந்தால் கிளீனர் அண்ணன் பாடியில் தட்டுவார். அப்பா எழுந்து ஸ்டார்ட் பண்ணி, ஒரு வண்டி நீளம் நகர்த்தி, ஆஃப் பண்ணிவிட்டு மறுபடி அதேபோலப் படுப்பார். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். நான் எண்ணினேன், 31 தடவை. அதை யாராவது தூக்கம் என்று சொல்வார்களா? ஓட்டவும் இல்லை, உறங்கவும் இல்லை. வியர்வையில் உள்ளங்கை நம்பர் அழிய அழிய அதன் மேலேயே திரும்ப எழுதிக்கொண்டார்.

அந்த டிரிப் நோட்டில் இருக்கிறது. ஏற்றிய தேதிக்கும் இறக்கிய தேதிக்கும் நடுவில் நான்கு நாள். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்தால் இரண்டு நாள் ஓட்டம்கூட இல்லை. மிச்ச நேரத்துக்கு நோட்டில் கட்டமே கிடையாது. பேட்டா கட்டத்திலும் அதற்கென்று ஒரு பைசா கிடையாது.

இந்த நேரம் வீட்டுப் பக்கம் என்ன செய்தது என்று சொல்கிறேன். கிளம்பும்போது அம்மா எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கவே மாட்டாள், "என்னைக்கு?" என்றுதான் கேட்பாள். அப்பா "வெள்ளிக்கிழமை" என்பார். வெள்ளிக்கிழமை என் தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்காருவான். இருட்டிய பிறகு அம்மா வந்து பையைக் கழற்றி உள்ளே கூட்டிப்போவாள். சனி போய் ஞாயிறு வரும். கொஞ்ச காலத்தில் அவன் வாசல்படிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அப்பா எந்தக் கிழமை சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினான். அப்பா அந்த வருஷம் வீட்டில் இருந்த நாட்களை நோட்டை வைத்து எண்ணினேன். உங்களுடையதைவிட அதிகம்தான். ஆனால் சொன்ன நாளில் வந்தது ஐந்தே தடவை.

ஆகவே எத்தனை நாள் வெளியே, எத்தனை நாள் வீட்டில் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரு எண் இல்லை. இந்த 24-க்கு 4 கணக்கையே கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். வீட்டில் அந்த நாலு நாளில் முதல் நாள் தூங்கிப் போகும். கடைசி நாள் மனசு டயரிலும் பேப்பரிலும் இருக்கும். ஆக, இரண்டு நாள். வெளியே 24 நாள் என்றால் 576 மணி நேரம். கையில் வரும் சம்பளத்தை ஓடிய கிலோமீட்டரால் வகுக்காதீர்கள், அது கம்பெனியின் கணக்கு. 576-ஆல் வகுங்கள். பக்கத்து ஓட்டத்தின் சம்பளத்தை, அதில் வீட்டைவிட்டு வெளியே இருக்கப்போகும் மணி நேரத்தால் வகுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மனைவியுடன் உட்கார்ந்து பாருங்கள். தொலைதூரம்தான் என்று முடிவானாலும் சரி, எண்ணைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

எந்த நாட்டில் ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எங்கே ஓட்டினாலும் காத்திருக்கும் நேரம் டிரைவர் தலையில்தான் வந்து விழுகிறது. அமெரிக்காவில் 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும். அந்த ஓய்வைப் பிரித்து, வண்டிக்குள்ளேயே இருக்கும் தூங்கும் இடத்தில் நீண்ட ஓய்வாக எடுத்தால்தான் அந்த 14 மணி நேரக் கணக்கு ஓடாமல் நிற்கும், மற்றபடி கேட்டில் நிற்கும் நேரமும் அதில்தான் கரையும். 6 மணி நேரம் நின்றால் ஓட்ட மிச்சம் 8 மணி நேரம். கிலோமீட்டருக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு அது நேராகப் பையில் விழும் அடி. முதல் 2 மணி நேரக் காத்திருப்புக்குப் பணம் கேட்கக் கூடாது என்பது அங்கே பரவலான வழக்கம். ஓவர்டைமாவது உண்டா என்றால், 1938-இல் வந்த அந்த நாட்டுச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி டிரைவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. இந்தியாவில் 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று எழுதியது. நல்ல சட்டம்தான். ஆனால் வேலை நேரம் எது என்று விளக்கும் இடத்தில், டெர்மினலில் சும்மா இருக்கும் நேரம் 15 நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்தான் வேலையில் சேரும் என்று வைத்தது. அப்பா இரண்டு ராத்திரி இருந்தார். அவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷ இடைவேளை உண்டு. ஓடும் தூரத்துக்குக் கூலி கொடுப்பது சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்தாகும் என்றால் அப்படிக் கொடுக்கவே கூடாது. நான்கு வாரத்துக்குள் டிரைவர் வீட்டுக்கோ கம்பெனி இருக்கும் இடத்துக்கோ திரும்ப முடிகிற மாதிரி வேலையை அமைப்பது முதலாளியின் பொறுப்பு என்று 2020-இல் சட்டமே போட்டார்கள். திரும்பிப் போகும் நாளை டிரைவரின் பெருமூச்சுக்கு விட்டுவிடாமல் முதலாளியின் கடமையாக எழுதியிருக்கிறார்களே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

காத்திருப்பு, பணம் போகும் விஷயம் மட்டும் இல்லை தம்பி. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. லோடு ஏற்றி இறக்கும் இடத்தில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிஷம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று மதிப்பிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. போன நேரத்தை எங்கே பிடிப்பது? ராத்திரியில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சொன்ன நாளில் வந்தார். நள்ளிரவுக்குச் சற்று முன்னால். தம்பி தூங்கியிருந்தான். காலையில் பார்த்தால் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி கம்பியோடு தொங்குகிறது, தார்ப்பாய்க் கயிற்றால் கட்டியிருக்கிறார். கதவு நெடுக ஒரு கீறல், அதில் யாருடைய சுவரிலிருந்தோ வந்த வெள்ளைச் சுண்ணாம்பு. அம்மா ஈரத்துணியால் அந்தச் சுண்ணாம்பைத் துடைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. துடைத்து முடித்து, "இனிமே நாள் சொல்லாதீங்க" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா சொன்னது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாள் சொல்லுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிடலாம் என்று கணக்கு சொன்னால், மகளிடம் ஞாயிறு என்று சொல்லுங்கள். சனிக்கிழமை போய் நின்றால் கொண்டாட்டம். அந்த நாளைப் பிடிக்க ராத்திரி முழுக்க ஓட்டினீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்கு ஒரு வரி எழுத மாட்டேன்.

இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். அப்பா போடாத கட்டத்தைப் போடுங்கள்: கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், வெளியே வந்த நேரம். முடிந்தால் லோடு பேப்பரிலேயே வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் கேட்டை போட்டோ எடுங்கள். 2 மணி நேரம் தாண்டியதும் ஆபீசுக்குப் போன் போட்டுப் புலம்பாதீர்கள், மெசேஜ் அனுப்புங்கள். புலம்பல் காற்றோடு போகும், மெசேஜ் நிற்கும். புதியவன், எப்படிக் கேட்பது என்று தயங்குவீர்கள். நேரத்தை எழுதி அனுப்புவதற்கு சீனியாரிட்டி வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் எந்தக் குடோன் உங்கள் வெள்ளிக்கிழமைகளைத் தின்கிறது என்று நோட்டே காட்டிவிடும். அதை எடுத்துக்கொண்டு ஆபீசில் உட்காருங்கள். காத்திருப்புக்குப் பணம் கேளுங்கள். தர மாட்டோம் என்றால், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தைய டிரிப்பில் மட்டுமாவது அந்தக் குடோன் லோடு வேண்டாம் என்று கேளுங்கள். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வேறு கம்பெனி பாருங்கள். சேரும் முன், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே, வெயிட்டிங்குக்கு எத்தனையாவது நிமிஷத்திலிருந்து காசு என்று கேளுங்கள்.

அந்த 14 மணி நேரம் நின்ற குடோன், இறக்கி முடித்து வெளியே வந்ததும் நீங்கள் தூங்கினீர்களா, ஓட்டினீர்களா? கடிதத்தில் அதை எழுதவில்லை. அதை எழுதுங்கள், கூடவே நோட்டின் முதல் மாதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா