மேடையை மறைக்காத படம்

அன்புள்ள ஐயா,

1973-இல் வெளிவந்த 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' படத்தை அண்மையில் பார்த்தேன். ராக் இசை நாடகமாக மேடையேறிய பிறகு படமானது என்று அறிந்தேன். இதில் நடித்தவர்கள் மேடைக்குத் தொடர்பில்லாத புதுமுகங்களா? இயேசுவின் காலத்துக் கதையில் பேருந்தும் இரும்புக்குழாய்ச் சாரமும் எதற்கு? கடைசியில் வரும் மேய்ப்பர் யார்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் மேடைக்கு அந்நியர்கள் அல்லர். இயேசுவாக வரும் டெட் நீலியும் யூதாஸாக வரும் கார்ல் ஆண்டர்சனும் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அந்த வேடங்களுக்கான மாற்று நடிகர்கள். முதன்மை நடிகர் வர இயலாத நாளில் ஏறுவதற்காக முழு வேடத்தையும் பாடம் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள். மேடை யூதாஸான பென் வெரீன் நோயுற்றபோது அந்த வாய்ப்பு ஆண்டர்சனுக்குக் கிடைத்தது. பிலாத்துவாக வரும் பாரி டென்னனும் மகதலேனா மரியாவாக வரும் இவான் எலிமனும் இன்னும் பழையவர்கள். நாடகம் 1971 அக்டோபரில் பிராட்வேக்கு வருவதற்கு முன்பே, அதன் பாடல்கள் 1970-இல் வெளியான இசைத்தட்டில் பாடியவர்கள் அவர்கள். வேறொரு படத்தில் நார்மன் ஜூவிசனின் இயக்கத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, இதைப் படமாக்கலாமே என்று அவரிடம் சொன்னவரும் டென்னன்தான்.

உங்களுக்கு உறுத்திய பேருந்தே எனக்கு இந்தப் படத்தின் உயிர். 1972-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், நபத்தேயர் என்ற பண்டைய அரபு மக்களின் அவ்தாத் நகர இடிபாடுகளில் பெரும்பகுதியைப் படமாக்கிய ஜூவிசன், அவ்வளவு உண்மையான நிலம் கையில் இருந்தும் அதை வைத்து நம்மை ஏமாற்ற முற்படவில்லை. கூரையில் சிலுவையைக் கட்டிக்கொண்டு வரும் பேருந்திலிருந்து நடிகர்கள் இறங்கி, உடைகளையும் பொருள்களையும் இறக்கி, நம் கண்முன்னே வேடம் பூணுகிறார்கள். குருமார்கள் ஏறி நிற்கும் சாரமும் நாடக அரங்கின் நினைவாகவே நிற்கிறது. பாடல்களை முன்னரே பதிவு செய்துகொண்டு படப்பிடிப்பில் வாயசைத்தார்கள் என்பது நமக்குப் பழகிய முறைதான், ஆனால் அசையும் வாய்க்குரியவரே பாடியவரும் என்பதால், கெத்சமனித் தோட்டப் பாடலில் நீலியின் குரல் உச்சத்துக்குப் போகும்போது கழுத்து நரம்பும் கூடவே புடைக்கிறது.

முடிவில் எல்லோரும் பேருந்தில் ஏறுகிறார்கள், நீலி மட்டும் ஏறுவதில்லை. ஆண்டர்சன் ஏறுமுன் சிலுவை இருக்கும் திசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். அதன்பின் சாயும் வெயிலில், வெறும் சிலுவைக்குக் கீழே, ஆட்டுமந்தையோடு கடந்துபோகும் அந்த மேய்ப்பர் திட்டத்தில் இல்லாதவர் என்றும், தற்செயலாகக் காமிராவின் முன் வந்தவர் என்றும் படக்குழுவினர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படம் முழுவதிலும் வேடம் கட்டாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.