ஆபீஸ் போக எந்த சைக்கிள் வாங்கலாம்? – கேள்விகளும் பதில்களும்

பல்லாவரத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்குப் பதினோரு வருடமாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது. மூன்று சைக்கிள் கை மாறியிருக்கிறது. "வேலைக்கும் ஆகணும், மற்ற எல்லாத்துக்கும் ஆகணும், ஒண்ணுதான் வாங்க முடியும்" என்று கேட்பவர்கள்தான் அதிகம் என்பதால், அதை மனதில் வைத்தே எல்லாருக்கும் பதில் சொல்கிறேன்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, ஆபீஸ் 8 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பக்கம் நீளமா ஓட்டவும் ஆசை. 20,000 ரூபாய் வரைக்கும் போடலாம். மலைப்பாதைக்கான எம்.டி.பி.யா, ஹைப்ரிட்டா, ரோடு பைக்கா?

ஹைப்ரிட் எடுங்கள் தம்பி, எம்.டி.பி.க்கும் ரோடு பைக்குக்கும் நடுவான வண்டி அது. ஆனால் முன்னால் ஷாக் அப்சார்பர் இல்லாத ஹைப்ரிட்.

கடையில் முதலில் காட்டுவது தடிமனான டயரும் முன்னால் ஷாக்கும் உள்ள வண்டியைத்தான். நான் முதலில் வாங்கியதும் அதுதான். இந்த விலையில் வரும் ஷாக் வெறும் ஸ்பிரிங். இரண்டு கிலோவுக்கு மேல் எடை. மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதித்தால் முன்பக்கம் அமுங்கி அமுங்கி எழும். உங்கள் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கொஞ்ச நாளில் துருப்பிடித்து இறுகியும் போகும். நம் ரோட்டுப் பள்ளத்துக்கு உண்மையில் உதவுவது அகலமான டயரும் அளவான காற்றும்தான்.

ரோடு பைக் ஞாயிற்றுக்கிழமைக்குச் சுகம். ஆனால் 25, 28 மில்லிமீட்டர் டயரில் திங்கட்கிழமை காலை ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், கை மரத்துப் போகும். பெரும்பாலானவற்றில் முழு மட்கார்டு போட இடமும் இருக்காது.

டயர் பக்கவாட்டில் 37-622 என்பது போல ஓர் எண் இருக்கும். 37 டயரின் அகலம், 622 ரிம் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்று கடையில் சொல்வது இந்த 622-ஐத்தான். தினசரி ஓட்டத்துக்கு அகலம் 35-லிருந்து 40 வரை இருக்கட்டும். ஈ.சி.ஆருக்கென்று ஆசைப்பட்டால் பின்னாளில் அதே ரிம்மில் 32 போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதைக் கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார். குனிந்து, பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் பாருங்கள். பிரேமில் மரை போட்ட சின்னத் துளைகள் இருக்கிறதா? சீட்டுக்குக் கீழே, பின்கம்பிகள் சேரும் இடத்தில் இன்னும் இரண்டு இருக்கிறதா? கேரியரும் மட்கார்டும் அந்தத் துளைகளில்தான் முடுக்கப்படும். அவை இல்லாத சைக்கிளில் கிளிப் போட்ட கேரியரை மாட்டி, அது நடுரோட்டில் சரிந்து, லேப்டாப் பையோடு நின்றவர்களை எனக்குத் தெரியும். கியரைவிட, பிராண்டைவிட, இந்தத் துளைகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

20,000-ஐயும் வண்டிக்கே செலவழிக்காதீர்கள். மட்கார்டு, கேரியர், முன்பின் விளக்கு, நல்ல பூட்டு ஆகியவற்றுக்கு ஒரு 3,000 தனியாக எடுத்து வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

அதே தம்பி: 21 கியர் வேணுமா அண்ணா?

வேண்டாம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அதில் பல ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே பல் விகிதம்தான். சென்னை சமதளம். முன்னால் ஒன்று, பின்னால் ஏழோ எட்டோ போதும். கெட்டுப்போக ஒரு கேபிள் குறையும்.

சேலையூரிலிருந்து ஓர் ஆசிரியை: பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர். வாரத்தில் பாதி நாள் சேலைதான் கட்டுவேன். கியர் சைக்கிள் எல்லாம் பார்த்தேன், எதிலும் சேலையோடு ஏற முடியாது போல. லேடீஸ் சைக்கிள்தான் கதியா?

அதைக் குறைவாக நினைக்காதீர்கள் டீச்சர். தினமும் வேலைக்குப் போவதற்கு என்றே ஒருவர் யோசித்துச் செய்தால் அந்த வண்டிதான் வரும்: குறுக்குக் கம்பி தாழ்ந்திருக்கும், முழு செயின் கவர், மட்கார்டு, கூடை, கேரியர், ஸ்டாண்டு, எல்லாம் கடையிலிருந்தே வரும். நிமிர்ந்து உட்காரலாம், ரோடும் நன்றாகத் தெரியும்.

இரண்டு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். செயின் கவர் பாதி மூடியதாக இல்லாமல் முழுதும் மூடியதாக இருக்கட்டும். பின்சக்கரத்தின் இரு பக்கமும் முந்தானை சிக்காமல் வலையோ தகடோ போடச் சொல்லுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல் சக்கரமான 18 பல் ப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போடச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய் வேலைதான். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும், ஏறுவது நன்றாகவே இலகுவாகும்.

அம்பத்தூரிலிருந்து ஒருவர்: என் எடை 96 கிலோ. சைக்கிள் தாங்குமா சார்? கேட்கவே கூச்சமா இருக்கு.

கூச்சமே வேண்டாம். தாங்கும். பிரேம் உடைவது அபூர்வம். பிரச்சினை பின்சக்கரத்தில்தான் வரும்.

விலை குறைந்த கியர் சைக்கிளில் பல் சக்கரம் ப்ரீவீலாக, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்மேல் திருகப்பட்டிருக்கும். வலது பக்க பால்ரஸ் (சக்கரம் உருள உதவும் குண்டுகள்) உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால் அச்சின் ஒரு நீளம் தாங்கலே இல்லாமல் நிற்கும். கனமானவர் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்க இறங்க, அந்த இடத்தில் அச்சு வளையும், ஒருநாள் முறியும். பல் சக்கரங்களைத் திருகாமல் சொருகி மாட்டும் கேசட் வகை ஹப்பில் பால்ரஸ் வெளி ஓரத்துக்கு அருகில் இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. "ப்ரீவீலா, கேசட்டா?" என்று கடையில் கேளுங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது கேசட் உள்ளதை எடுங்கள். பின்சக்கரத்தில் 36 போக்ஸ் கம்பி இருந்தால் நல்லது. கியரே வேண்டாம் என்றால் பழைய கறுப்பு ரோட்ஸ்டரில் பின்னால் 40 கம்பி. மூட்டை ஏற்றவே செய்த வண்டி அது. முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் கம்பிகளை முடுக்கிப் பெண்டு எடுக்கச் சொல்லுங்கள், யாரும் இதைச் செய்வதில்லை.

மேடவாக்கத்திலிருந்து: என் உயரம் 5 அடி 3 அங்குலம். "19 இன்ச் பிரேம்தான் இருக்கு, சீட்டை இறக்கிக்கலாம்"னு கடையில சொல்றாங்க.

வேறு கடைக்குப் போங்கள். சீட்டை இறக்கலாம், கைப்பிடியை அருகே இழுக்க முடியாது. ஒரு மாதத்தில் கழுத்து வலிக்கும். 15, 16 அங்குலத்தில் தொடங்கிப் பாருங்கள். இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி நின்றால் குறுக்குக் கம்பிக்கும் உங்களுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கவேண்டும். சீட் உயரத்துக்கு, குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் முழுதும் நீண்டால் அதுதான் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி தானாகக் கொஞ்சம் மடங்கும்.

பெருங்குடியிலிருந்து: டிஸ்க் பிரேக் அவசியமா?

அவசியம் இல்லை. ரிம்மை இரு பக்கமும் ரப்பரால் பிடிக்கும் நல்ல வி-பிரேக் போதும், ரப்பரைத் தெருமுனைக் கடையிலேயே மாற்றலாம். மழையிலும் நிறைய ஓட்டுவீர்கள் என்றால் டிஸ்க்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் 10,000 ரூபாய் சைக்கிளில் வரும் டிஸ்க்கைவிட அதே விலை வி-பிரேக்கையே நான் நம்புவேன்.

வேளச்சேரியிலிருந்து ஒரு தங்கை: மழைக்காலம் வந்தா என்ன செய்வீங்க அண்ணா? வேர்வையும் ஒரு பிரச்சினை.

மட்கார்டு இல்லாமல் ஈர ரோட்டில் ஓட்டினால் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்துவரை ஒரு சேற்றுக்கோடு விழும். பின் மட்கார்டு நீளமாக இருக்கட்டும். முன் மட்கார்டின் நுனியில் ஒரு ரப்பர் மடலைத் தொங்கவிட்டால் காலும் செயினும் தப்பும்.

தண்ணீர் தேங்கிய தெருவில் அச்சு முழுகும் அளவு இருந்தால் இறங்கித் தள்ளினாலும் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். ஒரு நவம்பர் மாலை உங்கள் வேளச்சேரி வழியாகத்தான் வந்தேன், அச்சுக்கு மேல் தண்ணீர். ஒரு வாரம் கழித்துப் பின்சக்கரத்தில் கரகரவென்று சத்தம். மெக்கானிக் கோனை (அச்சில் குண்டுகளைப் பிடித்து நிற்கும் மரையை) பிரித்துக் காட்டினார்: மஞ்சளாக இருக்கவேண்டிய கிரீஸ் பால் டீ நிறத்தில் இருந்தது, குண்டுகளில் புள்ளி புள்ளியாகத் துரு. அப்போதிலிருந்து அக்டோபரில் தொடங்கும் மழை டிசம்பரில் ஓய்ந்ததும், சத்தம் வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு ஹப்பையும் பிரித்து கிரீஸ் மாற்றுகிறேன்.

வேர்வைக்கு: பையை முதுகிலிருந்து இறக்கிக் கேரியருக்கு மாற்றுங்கள். இதுவே பாதித் தீர்வு. மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் அவசரப்படாதீர்கள். போனதும் பத்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே நின்று, ஈரத்துண்டால் துடைத்த பிறகு சட்டை மாற்றுங்கள். உடனே மாற்றினால் புதுச் சட்டையும் நனையும்.

ஆவடியிலிருந்து ஒரு பெரியவர்: தம்பி, எனக்கு 57 வயது, முட்டி வலி. பேட்டரி சைக்கிள் வாங்கினால் லைசென்ஸ் கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள் ஐயா, சரியானதாகப் பார்த்து வாங்கினால். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் 25 கிலோமீட்டருக்கும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கும் குறைவாக, சான்றளிக்கப்பட்ட வண்டியாக இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனம் இல்லை. பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அந்தச் சான்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் 40 கிலோமீட்டர் என்றிருந்தால் 25 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கழற்றி மாடிக்கு எடுத்துப்போகக் கூடியதா என்று பாருங்கள். சார்ஜ் தீர்ந்தபின் அது 20 கிலோவுக்கு மேல் எடையுள்ள வெறும் சைக்கிள். அப்போதும் மிதித்து வீடு சேர முடியுமா என்று கடை வாசலிலேயே மோட்டாரை அணைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வாங்கும் முன் முட்டியை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சீட் தாழ்வாக இருப்பதும் முட்டியை வலிக்க வைக்கும். மேடவாக்கம்காரருக்குச் சொன்ன குதிகால் அளவை நீங்களும் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, கொக்குவிலில இருந்து டவுனுக்கு வேலைக்குப் போறனான். அப்பாவின்ர பழைய லுமாலா சைக்கிள் ஒண்டு நிக்குது, 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில அதிலதான் ஓடினன். திருத்தி ஓடலாமோ, புதுசு வாங்குறதோ?

திருத்துங்கள் தம்பி. அந்தத் தூரத்துக்கும் உங்கள் ஊர்ச் சமதரைக்கும் அது தாராளம். முதலில் பிரேமின் மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பெயின்ட் கோடாக வெடித்து அதன் வழியே துரு கசிந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் டயர், ட்யூப், செயின், ப்ரீவீல், பிரேக் ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டு, ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்து கிரீஸ் வையுங்கள். கேபிளுக்குப் பதில் கம்பியால் இயங்கும் பிரேக் உள்ள இரும்பு ரிம் என்றால் மழையில் பிடிமானம் மிகவும் குறையும். சந்தி வருவதற்கு வெகுமுன்பே பிடிக்கத் தொடங்குங்கள்.

தாம்பரத்திலிருந்து: செகண்ட் ஹேண்ட் ஹைப்ரிட் ஒண்ணு 9,000-க்கு வருது. எதைப் பார்க்கணும்?

ஓர் இரும்பு ஸ்கேலோடு போங்கள். செயினில் ஓர் ஆணியின் நடுவில் ஸ்கேலின் சுழியை வைத்து, அந்த ஆணியை விட்டு அடுத்த 24 ஆணி எண்ணுங்கள். புதுச் செயினில் அந்த 24-ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் வரும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளியிருந்தால் செயின் மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் ரப்பருக்கும் ரிம்முக்கும் இடைவெளி மாறுகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டி, கோன் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள், பில் இல்லாவிட்டால் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்றாவது பாருங்கள், சுரண்டியிருந்தால் வாங்காதீர்கள். கடைசியாக, பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் அந்தத் துளைகள்.