தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. ஊர் களியக்காவிளைப் பக்கம். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. வீட்டுக்குள் காலிப்பரும் (காலைத் தாங்கிப் பிடிக்கிற கம்பிச் சட்டம்) ஊன்றுகோலும், வெளியே வீல்சேர். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். என்னோடு சண்டே ஸ்கூலில் படித்த தோழி, வருகிற பிப்ரவரியில் கேரளத்தில் நடக்கிற மாராமண் கன்வென்ஷன் என்ற கிறிஸ்தவக் கூட்டத்துக்கு இரண்டு நாள் போய்வருவோம் என்று கூப்பிடுகிறாள். பம்பை ஆற்று மணலில் உட்கார்ந்து வசனம் கேட்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. அண்ணன், “வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?” என்கிறார். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, “விசுவாசம் இருந்தால் நீ நடந்தே போவாய், அதுவரை காத்திரு” என்கிறார். தோழிக்குப் பாரமாகிவிடுவேனோ என்பதுதான் என் பயம். அவள் என்ன என் உடன்பிறந்தவளா? மற்றபடி சமாளித்துவிடுவேன். பாத்ரூம் பிரச்சினைகூட இல்லை. சர்ச்சில் பாத்ரூமுக்கு மூன்று படி இறங்க வேண்டும் என்பதால் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் குடிக்க மாட்டேன், பழகிவிட்டது. அவ்வப்போது நீர்க்கடுப்பு வரும், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். அந்த இரண்டு நாளையும் இப்படியே ஓட்டிவிடலாம். நான் போகலாமா? இது கர்த்தருக்குச் சித்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: போங்கள், தங்கச்சி. அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. இதே கடிதம் தக்கலையிலிருந்தும் வரும், செங்கோட்டையிலிருந்தும் வரும். அண்ணன் இருக்கிற இடத்தில் கணவரோ மாமியாரோ இருப்பார். ‘பாரமாகிவிடுவேனோ’ என்ற வரி மட்டும் மாறாது. உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பாத்ரூம் பிரச்சினைகூட இல்லை என்று எழுதிவிட்டு, தண்ணீர் விஷயத்தை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டீர்களே, அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் ஆராதனை முடிந்து, நாலு பேரிடம் பேசி, வீடு வந்து சேர மதியம் பன்னிரண்டு ஆகிவிடும். 16 மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. வாரம் தவறாமல் இப்படி. இதை உபவாசம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். உபவாசம் ஆண்டவருக்காக இருப்பது. நீங்கள் இருப்பது சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற மூன்று படிக்காக.

நீர்க்கடுப்பு ஏன் வருகிறது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். அடக்கி வைத்தால் கிருமி தங்கும். நாள்பட்டால் கல்லும் சேரும். மெடிக்கல் கடைக்காரர் கொடுக்கிற நாலு மாத்திரையில் எரிச்சல் அடங்கும், அவ்வளவுதான். பிப்ரவரிக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்து சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அவரிடமும் பாதியை மறைக்காதீர்கள். போலியோ தசையின் பலத்தைத்தான் பறிக்கும், உணர்ச்சியைப் பறிக்காது. சிறுநீர் முட்டுவது மற்றவர்களுக்குத் தெரிவதுபோலவே உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எதற்கு? “கொஞ்சம் பிடித்துக்கொள்ளேன்” என்று ஒருத்தியிடம் கேட்க வேண்டாம் என்பதற்காக.

உங்கள் சபைக்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பிறந்ததிலிருந்து போகிற சர்ச்சில் ஒரு சாய்தளம் கிடையாது. ஊனமுற்றோர் உரிமைக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பொதுக் கட்டடங்களைப் பட்டியல் போடும்போது வழிபாட்டு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. சக்கரம் ஏறுகிற வழியும் போகக்கூடிய கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பது யாரும் காட்டுகிற இரக்கம் இல்லை. ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்டீர்களா? கமிட்டிக்காரர்கள் உங்களைப் பார்க்கும்போது சிரித்த முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வறண்ட தொண்டை அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மாதமே போதகரிடம் எழுதிக் கொடுங்கள். சபையில் முழங்கால் வலியோடு வருகிற பாட்டிமார் எத்தனை பேர்! அவர்களும் உங்களைப் போலவே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்களோ என்னவோ.

நீங்கள் விசுவாசி. அதனால் கேட்கிறேன். சமாரியாவின் கிணற்றங்கரையில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர் யார்? சிலுவையில் தொங்கும்போது ‘தாகமாயிருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னவர் யார்? அவரே கேட்டார். நீங்கள் மட்டும் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். அப்புறம், பேதுருவை நினைத்துப் பாருங்கள். ஆண்டவர் குனிந்து கால் கழுவ வந்தபோது, ஒருக்காலும் கூடாது என்று காலை இழுத்துக்கொண்டார். பார்த்தால் பணிவு மாதிரித்தான் இருக்கிறது. ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்று அவருக்குப் பதில் கிடைத்தது. உங்கள் தோழியிடம் நீங்கள் காலை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் வீம்புதான் தெரிகிறது.

‘அவள் என்ன என் உடன்பிறந்தவளா’ என்று கேட்கிறீர்கள். சின்னப் பிள்ளையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேதப்புத்தகத்தில் வாசித்தவள், உங்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவளாகவே வந்து கூப்பிடுகிறாள். உடன்பிறப்பு என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியாது. ஒருவர் அசிங்கம் என்று ஒளிக்கிறதை இன்னொருவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்கிற இடம்தான் குடும்பம் என்று நான் நம்புகிறவள். அந்தப் பெண் தயாராக நிற்கிறாள். நீங்களோ இரண்டு நாள் தாகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியாமலே சமாளிக்கத் திட்டம் போடுகிறீர்கள். பிப்ரவரி வெயிலில் அந்த மணலில் நீங்கள் மயங்கி விழுந்தால் அவள் என்ன செய்வாள்? முன்பின் தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி தேடி ஓடுவாள். நீங்கள் பயப்படுகிற பாரத்தை அவள் தலையில் ஏற்றிவைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ் கேரளத்துப் பெண். 1954இல் கூட வேலை செய்தவர்களோடு பிக்னிக் போன வண்டி கவிழ்ந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் செயலிழந்துபோயின. அதற்கப்புறமும் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் வரை போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்ததற்குக் காரணம் அவர்தான். நண்பர்களோடு போன பயணத்தில் அடிபட்டவர், கடல் தாண்டிப் பயணம் போனார். தூக்கி ஏற்றவும் இறக்கவும் வழியெல்லாம் அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்க மாட்டேன் என்று அவர் வீட்டுக்குள் இருந்திருந்தால் எத்தனை நோயாளிகளுக்கு நஷ்டம்!

ஜெபக்குழு அக்காவுக்கு நீங்கள் பதிலே சொல்ல வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று ஆண்டவர் சொன்னதை அவர் ஒருமுறை வாசிக்கட்டும். சித்தமா என்று கேட்டீர்கள். கூட வர ஒருத்தி இருக்கிறாள், போக ரயில் இருக்கிறது, உள்ளே ஆசை இருக்கிறது. வேறென்ன அடையாளம் வேண்டும்?

அண்ணன் கேட்டதில் தப்பில்லை. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவருக்குப் பயம் வரத்தான் செய்யும். 38 வயதில் நீங்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். ஆனால் அவரை மீறிக்கொண்டு போகிற மாதிரியும் போகாதீர்கள், எனக்கு அது பிடிக்காது. ரயில், தங்கும் இடம், தோழியின் போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, “அண்ணா, நீங்கள்தான் ஸ்டேஷனில் கொண்டுவிட வேண்டும்” என்று சொல்லுங்கள். வேலை கொடுத்தால் பயம் பாதி குறையும். அண்ணியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. வீட்டில் உங்களுக்குக் கைகொடுப்பது அவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கும் இரண்டு நாள் ஓய்வு என்று நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போது ஏதாவது வாங்கிக்கொண்டும் வாருங்கள்.

இனி பயணம். குழித்துறையில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும், உங்களுக்கு அது போதாது. அண்ணனைத் திருவனந்தபுரம் சென்ட்ரலில் கொண்டுவிடச் சொல்லுங்கள். அங்கே ரயில் நிற்கிற நேரமும் அதிகம், வீல்சேரும் கிடைக்கும். பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பெட்டி, கார்டு பெட்டியோடு சேர்ந்து இருக்கும். வாசலும் கழிப்பறையும் அகலம், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கும். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கு ஸ்லீப்பரில் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை. கூட வருகிற ஒருவருக்கும் அதே சலுகை. உங்களுக்கு ஒரு ஆள் துணை வேண்டும் என்பதை ரயில்வேயே ஒப்புக்கொண்டு டிக்கெட் விலையில் எழுதி வைத்திருக்கிறது. வெட்கப்பட என்ன இருக்கிறது? அதற்கான ரயில்வே அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், பிப்ரவரிக்கு டிசம்பரிலேயே தயாராக இருக்க வேண்டும். இறங்குவது செங்கன்னூரிலோ திருவல்லாவிலோ. அங்கிருந்து மாராமண்ணுக்குப் பக்கத்து ஊரான கோழஞ்சேரிக்குக் கார்.

மாராமண்ணில் 1895இலிருந்து கூட்டம் நடப்பது ஆற்று மணலில். வீல்சேரை முன்னால் தள்ளினால் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் மணலில் புதைந்து நின்றுவிடும். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரத்தில் பாரம் விழும்படி பின்னால் சாய்த்து, இழுத்துக்கொண்டு போக வேண்டும். தோழியை உங்கள் வீட்டுப் பக்கத்து மண் தரையில் ஒருமுறை பழகிப் பார்க்கச் சொல்லுங்கள். கழிப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அன்றைக்கே காட்டிக்கொடுங்கள். என் சித்தி மகளும் காலிப்பர் போடுகிறவள்தான். முட்டியில் உள்ள லாக்கை அவள் தூக்கிவிட்டு உட்காரும் வரை முழங்கைக்குக் கீழே ஒரு கை கொடுத்துப் பிடித்தால் போதும். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். ஐந்து நிமிட வேலை. இதற்காகவா 16 மணி நேரம்?

டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே தோழிக்கு போன் பண்ணுங்கள். “மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்குப் பாத்ரூம் போக வேண்டும், நீ கூட வந்து பிடிக்க வேண்டும், உன்னால் முடியுமா?” என்று நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்காதீர்கள், சிரித்து மழுப்பாதீர்கள். அவள் சரி என்றால் சரி. தயங்கினால் தயங்கட்டும், அது அவள் உரிமை, அதற்காக உறவை அறுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி நடந்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், வேறு யாரைக் கேட்கலாம் என்று பார்ப்போம். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு சர்ச்சுக்குப் போங்கள்.