தம்பி ஏன் கீழேயே கிடக்கிறான்?

வணக்கம் ஐயா,

தோட்டத்துக் கால்வாயில் சண்டை மீன் பிடித்த கதையை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அந்த தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் மகன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எட்டு வெள்ளிக்கு ஒரு சண்டை மீன், பெட்டா என்பார்களே, அதை வாங்கினான். அவன் ஹாஸ்டலுக்குப் போனதும் மீன் அம்மா பொறுப்புக்கு வந்தது. அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் அவருக்குப் பேச்சுத்துணை இந்த மீன்தான். ‘தம்பி’ என்று கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை விரதத்தில்கூடத் தம்பிக்குத் தீனி போடத் தவறமாட்டார். சில நாள் சோற்றுப் பருக்கையும் போடுவார்.

இரண்டு மாதமாகத் தம்பி கீழேயே கிடக்கிறான். நீல நிறம் வெளுத்துவிட்டது. முதுகு லேசாகக் கூன் விழுந்திருக்கிறது. தீனி மூக்குக்கு நேராக விழுந்தாலும் தெரிவதில்லை. மூச்சு வாங்க மேலே போய்விட்டுக் கல் மாதிரி விழுகிறான். பக்கத்து வீட்டில் உப்புப் போட்டு எல்லாத் தண்ணீரையும் மாற்றச் சொல்கிறார்கள். அண்ணனோ, “எட்டு வெள்ளி மீனுக்கு டாக்டரா? வேறு வாங்கிக் கொடு” என்கிறார். இது நோயா, வயதா? அம்மாவிடம் என்ன சொல்வது?

க., பத்தாங் பெர்ஜுந்தை

அன்புள்ள க.,

தம்பிக்கு மூன்று வயது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் மேலே இருக்கும். ஆண் பெட்டாவுக்குத் துடுப்பு நன்றாக வளர்ந்து விரிந்த பிறகுதான் விற்பனைக்குக் கொண்டுவருவார்கள். அதற்குள் அதற்கு ஆறு மாதமாவது ஆகியிருக்கும். ஒரு வயதுகூட ஆகியிருக்கலாம். இந்த மீன் சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு வருடம் வரை இருக்கும். ஐந்தைத் தொடுவது அபூர்வம். ஆக, உங்கள் வீட்டில் இருப்பவர் தம்பி இல்லை, தாத்தா. நிறம் வெளுப்பது, கூன் விழுவது, கண்ணில் படலம் படர்வது, நாளில் பாதியைப் படுத்தே கழிப்பது எல்லாம் அந்த வயதில் வருபவைதான். அம்மா சோற்றுப் பருக்கை போட்டே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியம். (இனிமேல் வேண்டாம். பெட்டா புழு பூச்சி தின்னும் மீன். சோறு அதற்குச் செரிக்காது, தண்ணீரைத்தான் கெடுக்கும்.)

ஆனால் வயது என்று முடிவு கட்டுவதற்கு முன் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும். கெட்ட தண்ணீரில் கிடக்கும் இளம் மீனும் இதே மாதிரிதான் கிடக்கும். மீன் கடையில் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைப் பெட்டி விற்பார்கள். மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சரிசெய்யுங்கள். தம்பி எழுந்து வந்தாலும் வரலாம்.

பக்கத்து வீட்டு யோசனைக்கு வருகிறேன். நான் தாமானுக்குக் குடிவந்த புதிதில் ஒரு சிவப்புப் பெட்டா வளர்த்தேன். காலையில் தொட்டியைச் சுற்றி ஒரு நோட்டம் விடும், தோட்டத்து மேற்பார்வையாளர் பெரட்டுக்கு வந்த ஆளை எண்ணுகிற மாதிரி. அதனால் ‘தண்டல்’ என்று பெயர் வைத்தேன். தண்டல் ஒருநாள் சாப்பிடவில்லை. கடைக்காரர் நீல மருந்து கொடுத்தார், இன்னொருவர் உப்பு என்றார், மூன்றாமவர் முழுத் தண்ணீரையும் மாற்றச் சொன்னார். நான் மூன்றையும் ஒரே சாயங்காலத்தில் செய்து முடித்தேன். விடிந்து பார்த்தால் தண்டல் மல்லாந்து மிதக்கிறது. நோயில் செத்ததா, மருந்தில் செத்ததா, புதுத் தண்ணீரின் அதிர்ச்சியில் செத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதமாவது நோட்டம் விட்டிருக்கும். அதனால் சொல்கிறேன், உப்பு டப்பாவைச் சமையலறையிலேயே வையுங்கள். உப்பு சில நோய்க்கு உதவும்தான், முதுமைக்கு உதவாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு பெரிய காரியம். தண்ணீரின் உயரத்தைக் குறையுங்கள். பெட்டாவுக்குச் செவுளுக்கு மேலே காற்றை இழுத்து வைத்துக்கொள்ள இன்னொரு உறுப்பு உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது. மேலே வந்து ஒரு வாய்க் காற்று வாங்கியே ஆக வேண்டும். வர முடியாமல் போனால் மீனாக இருந்தும் தண்ணீருக்குள் மூச்சடைத்துச் சாகும். தம்பி மேலே போய்விட்டுக் கல் மாதிரி விழுவது அந்த ஏற்றத்தின் களைப்பு. நீங்கள் விளிம்பு வரை ஊற்றி வைத்திருந்தால் அவனுக்கு ஒவ்வொரு மூச்சும் ஒரு மலை. நான்கு ஐந்து அங்குலம் போதும். மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே அகலமான இலை ஒன்று இருக்கும்படி செடி வையுங்கள். அதில் படுத்துக்கொண்டே எட்டி மூச்சு வாங்கிக்கொள்வான். ஃபில்டர் இருந்தால் ஓட்டத்தை ஆகக் குறைவாக வையுங்கள்.

நாங்கள் கால்வாயில் பிடித்தது வேறு ஜாதி. பெட்டா இம்பெல்லிஸ் என்று பெயர். இம்பெல்லிஸ் என்றால் சண்டைக்குப் போகாதது என்று பொருளாம். அதைத்தான் நாங்கள் ஹார்லிக்ஸ் புட்டியில் இரண்டிரண்டாக விட்டு மோத வைத்தோம். குட்டைத் துடுப்பு, வாலில் பிறை மாதிரி ஒரு சிவப்புக் கோடு, லேசான உடம்பு. உங்கள் தம்பி தாய்லாந்து வம்சம். 2019இல் அந்த நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. முதலில் சண்டைக்கும் அப்புறம் அழகுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, துடுப்பைப் பட்டுப் பாவாடை மாதிரி ஆக்கிவிட்டார்கள். இளமையில் அது அழகு. கிழ வயதில் அந்தப் பாவாடையை இழுத்துக்கொண்டு மேலே வர வேண்டியிருக்கிறதே, அதுதான் பாரம்.

தண்ணீரைக் குறைத்தால் ஒரு சிக்கல் வரும். கொஞ்சத் தண்ணீரில் கழிவு சீக்கிரம் சேரும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் குளோரின் எடுக்கும் சொட்டு மருந்தைக் கலந்து, தொட்டித் தண்ணீரும் அதுவும் ஒரே சூட்டில் இருக்கும்போது மெல்ல ஊற்றுங்கள். நம் சிலாங்கூரில் தண்ணீர் நின்று மறுபடி வரும் நாளில் குழாயில் தேத்தண்ணி மாதிரி ஒன்று வருமே, அதை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சூடு 25, 26 டிகிரி இருந்தால் போதும், நம் ஊருக்கு ஹீட்டர் வேண்டாம். ஏர்கோன் காற்று நேராக அடிக்கிற இடம் என்றால் தொட்டியை நகர்த்துங்கள்.

நிஜத் தேத்தண்ணி நிறம் வேறு விஷயம், அது நல்லது. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) மரத்தடியில் தானாகக் காய்ந்து விழுந்த இலையைக் கழுவி ஒன்று போடுங்கள். மருந்தடிக்கிற இடத்து இலை வேண்டாம். துவர்ப்பு இறங்கித் தண்ணீர் பழுப்பாகும். அது மருந்து இல்லை, ஒரு சௌகரியம். உங்கள் ஊருக்கு வடக்கே கரிமண் சதுப்புக் காட்டில் ஓடும் தண்ணீரும் அதே நிறம்தான். அங்கே பெட்டா லிவிடா என்று ஒரு சொந்தக்கார மீன் இருக்கிறது. காடு சுருங்கச் சுருங்க அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. தம்பிக்கு அந்தக் கறுப்புத் தண்ணீர் பிடிக்கும்.

பார்வை மங்கிய மீனுக்குத் தினமும் ஒரே மூலையில் தீனி போட வேண்டும். போடுமுன் கண்ணாடியில் மெல்ல ஒரு தட்டுத் தட்டுங்கள், பழகிக்கொள்வான். உருண்டையை ஒரு நிமிடம் ஊறவைத்துப் பல்குச்சி நுனியில் ஒட்டி வாயருகே கொண்டுபோகலாம். கொசுப்புழு கொடுத்தால் ஆசையாகத் தின்பான், ஆனால் அதை வீட்டில் வளர்க்கப் போய், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975 சட்டத்தின்கீழ் அபராதம் கட்டாதீர்கள். கடையில் உறைய வைத்த ரத்தப்புழு கிடைக்கும்.

அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வயதுக்குக் கேட்டுவைக்கிறேன். மீனுக்குக் கூன் விழச் சில சமயம் ஒரு கிருமியும் காரணமாக இருக்கும். காயம் உள்ள கையைத் தொட்டியில் விட்டால் மனிதருக்கும் ஒட்டும். கையுறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் மாற்றும் வேலையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.

தினமும் மேலேயிருந்து ஒருமுறை பாருங்கள். செதிள்கள் அன்னாசித் தோல் மாதிரி சிலிர்த்து நின்றால் உடம்பில் நீர் கோத்துவிட்டது. அதிலிருந்து மீள்வது அரிது. அப்படிச் சிலிர்த்து, பக்கவாட்டில் சாய்ந்து, மேலே வரவே முடியாமல் தவித்தால் மட்டும், வலியில்லாமல் உயிரை முடித்துவைக்கக் கிராம்பு எண்ணெய். சின்னப் புட்டியில் தொட்டித் தண்ணீரோடு சில சொட்டு விட்டுப் பால் நிறமாகக் குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். முதலில் மயங்கும். முழுதாக மயங்கிய பிறகு இன்னும் ஊற்றுங்கள். செவுள் நின்று அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். ஐஸ்பெட்டியில் வைப்பதும் கழிவறையில் விடுவதும் கொடுமை.

அண்ணனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் சொல்வது எட்டு வெள்ளியின் கணக்கு. அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள்: தம்பிக்கு வயதாகிவிட்டது, குணமாகாது, ஆனால் வலியில்லாமல் இருக்கப் பார்க்கலாம். தோட்டத்தில் எத்தனையோ பார்த்தவர், தாங்கிக்கொள்வார்.

அப்புறம், அம்மா தீனியை அளவுக்கு மேல் போட்டுவிடாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. மாத்திரை போட்டு வைக்க ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி மருந்துக்கடையில் கிடைக்கும். ஒன்று தம்பிக்கு வாங்குங்கள். அறைக்கு இரண்டு உருண்டை. வெள்ளிக்கிழமை அறையைக் காலியாக விடுங்கள். அன்று தம்பியும் அம்மாவோடு விரதம் இருக்கட்டும்.